வில்லவன் கோதைக்குக் கம்பளி கொடுத்தது யார்?

இமயமலையில் சேரன் வில்லைப் பொறித்தான், சோழன் புலியைப் பொறித்தான், பாண்டியன் கயலைப் பொறித்தான். இதைச் சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த மலையில், எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் என்று எழுந்து கேட்டால் வாத்தியார் "உட்காருடா" என்பார். 1953-ல் எவரெஸ்டில் ஏறிய டென்சிங்கும் ஹிலாரியும் வழியில் ஒரு கெண்டை மீனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிறகு ஏறிய ஆயிரக்கணக்கானவர்களும் சொல்லவில்லை. பனி மூடிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் மூடுகிற பனி சரியவும் செய்யும். உளி, சுத்தியல், யானை, குதிரை, முரசு சகிதம் அங்கே போன மூன்று பரம்பரைகளில் ஒரே ஒரு ஆளாவது பனிச்சரிவில் மாட்டினான் என்று நம் புலவர்கள் ஏன் எழுதவில்லை? அந்த மலைக்குக் குளிர் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. நாட்டின் வடக்கு எல்லை பனி படிந்த நெடிய மலை என்று காரிகிழார் புறநானூற்றில் பாடிவிட்டார். அதே நூலில் முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய இரண்டாம் பாட்டில், இமயத்தில் அந்தணர் வளர்த்த தீயின் வெளிச்சத்தில் மான் நிம்மதியாகத் தூங்குகிறது. மான் தூங்கியதைக் கவனித்தவர்களுக்கு மலை சரிந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் கேட்க எனக்கு என்ன தகுதி என்பீர்கள். நான் கரையான்சாவடிக்காரன். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் டிரங்க் ரோட்டு லாரி ஹெட்லைட்டை மங்கலாக்கும் ஒரு வஸ்து. அதற்கே மங்கி குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிற பரம்பரை. ஆனால் குளிரைப் பற்றிக் களஆய்வு செய்த ஒருவர் எங்கள் வட்டாரத்தில் பிறந்திருக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி. பெருமாளுக்கு விசிறி வீசுவதுதான் அவர் ஆசை. திருவரங்கத்துக்குப் போனார், இங்கே காவிரிக் காற்றே போதும் என்றார் ரங்கநாதர். திருமலைக்குப் போனார், மலை ஏற்கெனவே குளிர்கிறது, இதில் விசிறி வேறா என்றார் வேங்கடவன். காஞ்சி வரதர்தான் பிரமனின் வேள்வித் தீயிலிருந்து வந்தவர், புழுக்கம் தாங்காமல் "இங்கேயே இரு" என்றார். குரு பரம்பரைக் கதை இப்படித்தான் போகிறது. போகிற இடத்தின் தட்பவெப்பத்தை விசாரித்து, ஒத்துவராத மலையை விட்டு மரியாதையாக இறங்கி வந்த எங்கள் ஊர்க்காரர். மூவேந்தரிடம் இந்தப் பழக்கம் இருந்ததா என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து இவனுடையது. பாடியவர் குமட்டூர்க் கண்ணனார். அதன் பதிகம் சேரன் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறது: இமயத்தில் வில் பொறித்தான், யவனர்களின் கையைப் பின்னால் கட்டித் தலையில் நெய்யை ஊற்றினான். குளிர் மலைக்குப் போய்வந்தவன் ஊற்றிய நெய் என்பதால் இதில் ஏதாவது மருத்துவக் காரணம் இருக்குமோ என்று யோசித்தேன். இல்லை, வெறும் கோபம். மலையைப் பற்றிய தகவல் அவ்வளவுதான். சரிவு எத்தனை பாகை, பனி எத்தனை முழம், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், ஒன்றும் கிடையாது.

காரணம் அதே பதிகத்தில் அடுத்தாற்போல் இருக்கிறது. கண்ணனாருக்குக் கிடைத்த பரிசு உம்பற்காட்டில் 500 ஊர். கூடவே தென்னாட்டு வருவாயில் 38 வருடத்துக்குப் பங்கு. 500 ஊரை வாங்கிக்கொண்டு "அரசே, ஏறும்போது பாதிப் படை பனியில் புதைந்துபோனதே" என்று எந்தப் புலவர் பாடுவார்? நான் பாட மாட்டேன். எனக்கு அரை கிரவுண்டு கொடுத்தாலே பாட மாட்டேன்.

அடுத்தவன் கரிகாலன். இவன் கதையைச் சிலப்பதிகாரம் இந்திரவிழா ஊரெடுத்த காதையில் சொல்கிறது. தெற்கில் சண்டைக்குத் தகுந்த ஆள் கிடைக்கவில்லை, வடக்கே புறப்பட்டான். போய்க்கொண்டே இருந்தான். இமயம் குறுக்கே வந்தது. அதற்கு மேல் போக முடியவில்லை. கோபத்தில் மலையின் பிடரியில் புலியை ஒற்றிவிட்டுத் திரும்பினான்.

மலைச் சரிவைப் படித்தவர்கள் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். புலியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். "திரும்பினானா? சபாஷ்" என்பார்கள். பனிமலையில் கஷ்டமான வேலை ஏறுவது இல்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, லீவு போட்டாயிற்று, வீட்டில் சொல்லியாயிற்று என்ற நிலையில் திரும்புவது. மூவேந்தரில் அதைச் செய்ததாகப் பதிவாகியிருப்பவன் கரிகாலன் ஒருவன்தான். நாம் அவனைக் கல்லணைக்காகக் கொண்டாடுகிறோம். இதற்கும் ஒரு மாலை போடலாம்.

திரும்பும் வழியில் அவனுக்குப் பரிசுகள் கிடைத்தன. வச்சிர நாட்டு வேந்தன் முத்துப்பந்தல் கொடுத்தான். அவந்தி வேந்தன் தோரண வாயில் கொடுத்தான். மகத வேந்தன் கொடுத்தது என்ன தெரியுமா? பட்டிமண்டபம். பொங்கலன்று காலை பத்து மணிக்கு டி.வி.யைப் போட்டதும் "குடும்பத்தில் நிம்மதியைக் கெடுப்பது கணவனா மனைவியா" என்று இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் உட்கார்ந்து சரித்துத் தள்ளுகிறார்களே, அந்த மரபுக்கு இலக்கியத்தில் இருக்கும் பழைய ரசீது இது. இமயத்துப் பயணத்தால் தமிழ்நாட்டுக்கு ஏற்பட்ட நிரந்தரப் பாதிப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பாண்டியன் கணக்கு சுருக்கமானது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டுபோனதால் அதற்குப் பதிலாகக் கங்கையையும் இமயத்தையும் எடுத்துக்கொண்டான் என்கிறது சிலம்பு. கடலோரம் போனதற்கு மலையோரம் மாற்று இடம். பட்டா வாங்கினானா, இடத்தை நேரில் போய்ப் பார்த்தானா என்பது பற்றிப் பேச்சில்லை. எங்கள் பக்கத்திலும் பாதிப் பேர் மனையை அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

இனி நிஜமான விஷயத்துக்கு வருவோம்: சேரன் செங்குட்டுவன். இவன் கதைக்கு ஒரு சிறப்பு உண்டு. எழுதியவர் இளங்கோவடிகள், மரபுப்படி சொந்தத் தம்பி. அண்ணன் டூர் போனதைத் தம்பி எழுதினால் அதில் அண்ணன் வழுக்கி விழுந்த காட்சி வராது. ஆனால் இளங்கோ நேர்மையான எழுத்தாளர். அண்ணன் வீரனாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தாலும், யார் யார் என்னென்ன சொல்லி அவனைத் தடுக்கப் பார்த்தார்கள் என்பதையும் விடாமல் எழுதி வைத்துவிட்டார். வஞ்சிக் காண்டத்தை அந்தக் கண்ணோடு படித்தால் ஒரு விபத்து விசாரணை அறிக்கை கிடைக்கும். விபத்து மட்டும் நடக்கவில்லை.

கண்ணகிக்குக் கோயில் எடுக்க வேண்டும். சிலைக்குக் கல் வேண்டும். அமைச்சர்கள் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, பொதிகையில் கல் எடுத்துக் காவிரியில் நீராட்டலாம். இல்லையென்றால் இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டலாம். இரண்டுமே தெய்வத்துக்குச் சம்மதம், சாஸ்திரத்துக்கும் சம்மதம். பொதிகை பக்கத்தில் இருக்கிறது. அங்கே பனிச்சரிவு கிடையாது. மழை, அட்டை, குரங்கு, அவ்வளவுதான். செங்குட்டுவன் என்ன சொன்னான்? பொதிகையில் கல் எடுத்துக் காவிரியில் கழுவுவது நம் மறக்குடிக்குப் பெருமை ஆகாது என்றான். பனிமலை விபத்துகளில் பாதி இந்த இடத்திலேயே, மலையைக் கண்ணால் காணும் முன்பே, வீட்டு முற்றத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அமெரிக்காவில் இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்துவைத்து ஆராய்ந்தார். 2002-ஐ ஒட்டி வந்த அவருடைய கட்டுரைகள் அந்தத் துறையில் பிரசித்தம். மாட்டியவர்களில் பலர் பயிற்சி பெற்றவர்கள், ஆபத்துக்கான அறிகுறிகள் கண் முன்னே இருந்தன, இருந்தும் போனார்கள். ஏன்? பழகின இடம் என்ற தெம்பு. சொல்லிவிட்டோமே, மாற்றுவதா என்ற வீம்பு. பக்கத்தில் இருப்பவர் மெச்ச வேண்டும் என்ற ஆசை. பெரியவர் ஒருவர் கூட இருக்கிறார், அவருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை. யாரும் மிதிக்காத பனியில் முதல் காலடி நமதாக இருக்கட்டும் என்ற பேராசை. இத்தனை பேர் போகிறார்களே என்ற தைரியம். இந்த ஆறு பொறிகளில் எது ஒன்றில் விழுந்தாலும் ஆபத்து என்கிறார் மெக்கமன். செங்குட்டுவன் ஆறிலும் விழுந்தான்.

பழகின இடம்: முன்பு தாயைக் கங்கைக்கு நீராட்ட அழைத்துப் போனபோது ஆயிரம் ஆரிய மன்னரைத் தனியாக எதிர்த்தவனாம். வடக்கு எனக்கு அத்துபடி என்று நினைப்பு. வீம்பு: வடநாட்டு மன்னர்களான கனகனும் விசயனும் ஒரு விருந்தில் தமிழ் வேந்தரை இளக்காரமாகப் பேசினார்கள், நாங்கள் இருந்திருந்தால் வில்லும் புலியும் கயலும் பொறித்திருக்க முடியுமா என்றார்களாம். இமயத்திலிருந்து வந்த தவசிகள் சொன்ன செய்தி. விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பேசின பேச்சு! அதற்கு இவன் சபதம் செய்கிறான்: அவர்கள் தலையில் கல்லை ஏற்றாமல் வந்தால் நான் குடிகளை நடுங்க வைக்கும் கொடுங்கோலன் ஆவேன். அருகில் இருந்த ஆசான் உடனே சமாதானம் சொல்கிறார்: அப்பா, அவர்கள் உன்னைச் சொல்லவில்லை, சோழனையும் பாண்டியனையும்தான் சொன்னார்கள், கோபத்தை விடு. அரசன் விடவில்லை. பெருங்கணியன் எழுந்து முகூர்த்தம் குறித்துக் கொடுக்கிறார்: இப்போது புறப்பட்டால் மன்னரெல்லாம் காலில் விழுவார்கள். மன்னர்கள் விழுவதற்கு நேரம் பார்த்தார். பனி விழுவதற்கு யாரும் பார்க்கவில்லை.

அவையில் நிதானமாகப் பேசிய இன்னொரு ஆள் வில்லவன் கோதை. அமைச்சர். "இது கடவுள் வடிக்க ஒரு கல்லுக்காகப் போகும் பயணம். வடநாட்டு மன்னர்களுக்கெல்லாம் வில், கயல், புலி முத்திரை வைத்து ஓலை அனுப்பிவிடுவோம்" என்றார். அழகான யோசனை. முன் அனுமதி, அங்கே இருப்பவர்களுக்குத் தகவல், வழி விசாரிப்பு எல்லாம் அதில் அடக்கம். உடனே அழும்பில் வேள் எழுந்தார்: ஓலை எதற்கு, எல்லா நாட்டு ஒற்றர்களும் நம் வஞ்சி வாசலில்தானே நிற்கிறார்கள், பறையறைந்தால் போதும், செய்தி தானே போய்ச் சேரும் என்றார். கைதட்டல் அவருக்குக் கிடைத்தது. வில்லவன் கோதை உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படை கிளம்பியது. முதல் பெரிய முகாம் நீலகிரியின் சாரலில். அது இன்றைய ஊட்டி நீலகிரிதானா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்வார்கள். நமக்கு அதுவே வசதி. ஏனென்றால் தமிழ்நாட்டில் பனிச்சரிவின் ஆங்கிலப் பெயரைச் சுமக்கும் ஊர் அங்கேதான் இருக்கிறது: அவலாஞ்சி. பனி சரிந்ததால் வந்த பெயர் இல்லை. 1800-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய மண்சரிவு ஏற்பட்டது; வெள்ளைக்காரன் பார்த்தான், தன் ஊர் ஞாபகத்தில் அவலாஞ்சி என்று எழுதிவிட்டுப் போனான். 1907-ல் அங்கே டிரவுட் மீன் குஞ்சு பொரிக்க ஒரு பண்ணையும் வைத்தான். இமயத்தில் கயல் பொறித்தான் பாண்டியன். அவலாஞ்சியில் கயல் பொரித்தான் துரை. அந்த ஊருக்கு மேலிருந்து விழுவது மழை மட்டுமே. ஆனால் விழுகிற விதம் லேசானதல்ல: 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பனியாகக் கொட்டியிருந்தால் எட்டு மீட்டர் ஆழம் நின்றிருக்கும். ஊட்டி பஸ் ஸ்டாண்டே காணாமல் போயிருக்கும்.

நீலகிரி முகாமில்தான் செங்குட்டுவனுக்குக் கடைசி வாய்ப்பு வந்தது. நூற்றுவர் கன்னர் என்ற மன்னர்கள் அனுப்பிய சஞ்சயன் என்ற தூதன் வந்து நின்றான். அவன் கொண்டுவந்த செய்தி: "அரசே, நீங்கள் போவது கடவுள் எழுத ஒரு கல்லுக்காகத்தான் என்றால், இமயத்தில் நாங்களே கல் எடுத்து, கங்கையில் நாங்களே நீராட்டி, உங்களிடம் கொண்டுவந்து கொடுக்கிறோம்." டோர் டெலிவரி! இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய டோர் டெலிவரி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வஞ்சிக்குத் திரும்பியிருக்கலாம். செங்குட்டுவன் மறுத்தான். கங்கையைக் கடக்க ஓடம் மட்டும் தயார் செய்யுங்கள் என்றான். இதற்கு மேல் ஒரு மனிதனை யாரும் தடுக்க முடியாது.

சஞ்சயனோடு வந்த பட்டியலை இளங்கோ கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிவைத்திருக்கிறார். நாடக மகளிர் 102 பேர். வாத்தியக்காரர்கள் 208 பேர். நகைவேழம்பர், அதாவது சிரிக்க வைப்பவர்கள், 100 பேர். தேர் 100. யானை 500. குதிரை 10,000. பண்டம் ஏற்றிய வண்டி 20,000. சட்டை போட்ட தூதர்கள் 1,000. இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். நூறு காமெடியன் இருக்கிறான். பனிமலையில் வழி காட்ட ஒரு ஆள் இல்லை. கம்பளி இல்லை. எனக்கு இந்த நூறு பேர் மேல் தொழில் ரீதியாகப் பாசம் உண்டு, அவர்களும் வாழ வேண்டியவர்கள்தான். ஆனால் பனிச்சரிவு வந்தால் அவர்களால் என்ன செய்ய முடியும்? கடைசியாக ஒரு ஜோக் சொல்லலாம்.

208 வாத்தியக்காரர்களைப் பார்த்திருந்தால் யுவான் சுவாங் மயங்கி விழுந்திருப்பார். ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவியான அவர் இந்தியாவுக்கு வரும் வழியில் மத்திய ஆசியப் பனிமலை ஒன்றைக் கடந்தார். கூட வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேர் வழியிலேயே இறந்துபோனார்கள். அந்த மலையில் போகிறவர்கள் சிவப்பு உடை உடுத்தக் கூடாது, சத்தம் எழுப்பும் சுரைக்குடுவை எடுத்துப் போகக் கூடாது, மீறினால் மலை நாகம் சினந்து காற்றையும் கல்லையும் வீசும் என்று எழுதியிருக்கிறார். இவர் 640-ஐ ஒட்டிக் காஞ்சிபுரத்துக்கு வந்தவர். கரையான்சாவடியிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். பனிமலையை நேரில் பார்த்து, பிழைத்து, குறிப்பும் எழுதிய ஒரு மனிதர் இவ்வளவு பக்கத்தில் வந்து தங்கியிருக்கிறார். சேரன் கதையைச் சொல்லி யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

சத்தம் போட்டால் பனி சரியும் என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. சினிமாவில் கதாநாயகன் "மீனா..." என்று கத்துவான், மலை இறங்கி வரும். விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்வதில்லை. மனிதக் குரலுக்கும் மத்தளத்துக்கும் பனியைப் பெயர்க்கும் வலு கிடையாது. பெயர்ப்பது பாரம்.

இதை விளங்கிக்கொள்ள இமயம் போக வேண்டாம், எங்கள் பக்கம் வந்தால் போதும். சாலையில் பள்ளம் தோண்டுவார்கள். குழாயைப் பதித்துவிட்டு மண்ணைப் பொலபொலவென்று தள்ளி மூடுவார்கள். அதன்மேல் ஜல்லி, அதன்மேல் பளபளவென்று தார். பார்த்தால் கெட்டி. சைக்கிள் போகும், ஆட்டோ போகும், ஒன்றும் ஆகாது. ஒரு மழை பெய்யும். மறுநாள் ஜல்லி லாரி ஒன்று வரும். சக்கரம் எங்கே பட்டதோ அங்கே "தொபுக்". தார்ப்பாளம் முழுசாக உள்ளே போகும். பனிமலையில் நடப்பதும் இதுதான். ஒரு குளிர்காலம் முழுக்கப் பனி ஒரே சீராக விழுவதில்லை, அடுக்கடுக்காக விழுகிறது. தரையோரம் கொஞ்சம் வெப்பம், மேலே கடுங்குளிர் என்றால் அடி அடுக்கில் இருக்கும் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை மாதிரி பொலபொலத்துப் போகும். அதன்மேல் புதுப்பனி கொட்டும். காற்று வேறு எதிர்ப்பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் குவித்து இறுக்கும். மேலே கெட்டிப்பாளம், கீழே ஒட்டாத அடுக்கு. 30 முதல் 45 பாகை வரையிலான சரிவில் இப்படி ஒன்று அமைந்தால், அதன்மேல் ஒரு ஆள் கால் வைத்தாலே போதும். பாளம் முழுசாகக் கழன்று ஓடும். உயிர் போன விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில் சரிவைக் கிளப்பியது மாட்டியவரோ அவர் கூட வந்தவரோதான். மலை சும்மாதான் இருந்தது.

ஆகவே 208 வாத்தியக்காரர்களும் குற்றமற்றவர்கள். 500 யானைகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

யானையோடு பனிமலை ஏறிய கதை உலகத்தில் வேறு ஒன்று உண்டு: கி.மு. 218-ல் ஆல்ப்ஸைக் கடந்த ஹன்னிபால். யானை 37. அவன் எப்படி வழுக்கினான் என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் எழுதியவன் கிரேக்கன் பொலிபியஸ். ஹன்னிபாலிடம் ஒரு ஊர்கூட வாங்காதவன். போன வருடத்துப் பழைய பனி கெட்டியாகக் கிடந்தது, அதன்மேல் இந்த வருடத்துப் புதுப்பனி விழுந்திருந்தது, மேலடுக்கில் கால் வைத்தவன் அது அமுங்கி அடியிலிருந்த பழைய பனியில் சறுக்கிப் போனான் என்று எழுதியிருக்கிறான். பனி அடுக்கைப் பற்றிய இவ்வளவு தெளிவான வர்ணனை அந்தக் காலத்தில் வேறு எங்கும் நான் கண்டதில்லை. ரோன் நதியை விட்டுக் கிளம்பும்போது காலாள் 38,000, குதிரை வீரர் 8,000. இத்தாலியில் இறங்கும்போது 20,000-மும் 6,000-மும். இந்தக் கணக்கை நம் புலவர் யாராவது எழுதியிருந்தால் அவருக்கு உம்பற்காட்டில் ஒரு குடிசை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

செங்குட்டுவனுக்கு வருவோம். கங்கையைக் கடந்தான். கனக விசயரோடு உத்தரன், விசித்திரன், உருத்திரன், பைரவன், சித்திரன், சிங்கன், தனுத்தரன், சிவேதன் என்று எட்டுப் பேர் சேர்ந்து வந்தார்கள். பெயர்ப் பட்டியலே ஒரு சரிவு. போர் 18 நாழிகையில் முடிந்தது. நம் கணக்கில் ஏழு மணி 12 நிமிடம். காலை டிபனுக்குப் பிறகு ஆரம்பித்து மாலைக் காப்பிக்குள் முடித்துவிட்டான். தேவாசுரப் போர் 18 வருடம், ராமாயணம் 18 மாதம், பாரதம் 18 நாள், நம்முடையது 18 நாழிகை என்று பிறகு பெருமை பேசிக்கொண்டார்கள்.

சரி, வந்த வேலை? கல்? இங்கேதான் இளங்கோ ஒரு வரியில் அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறார். போரை முடித்த அரசன், வில்லவன் கோதையோடு படைகளை ஏவி இமயத்திலிருந்து கல்லை எடுப்பித்தான்.

ஏவினான். போகவில்லை!

32 மாதம் ஊரை விட்டு வந்து, பொதிகை வேண்டாம் என்று சொல்லி, ஆசானை மீறி, டோர் டெலிவரியைத் திருப்பி அனுப்பி, கடைசியில் மலையேறியது யார் என்றால் அன்றைக்கு அவையில் "ஓலை அனுப்புவோம் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த அமைச்சர். எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இது புரியும். வேண்டாம் என்று எவன் சொன்னானோ, அவன் தலையில்தான் அந்த வேலை வந்து விழும்.

என் தீர்ப்பு இதுதான். கல் பத்திரமாக வந்ததென்றால் அதற்கு வில்லவன் கோதையின் நிதானம் காரணமாக இருக்க வேண்டும். விடியற்காலையில் ஏறியிருப்பார், தெற்குப் பார்த்த சரிவில் வெயில் ஏற ஏறப் பனி ஈரமாகிக் கழலும் என்பதை உள்ளூர் ஆளிடம் விசாரித்திருப்பார். உச்சிக்கெல்லாம் ஆசைப்படாமல் அடிவாரத்தில் கண்ணில் பட்ட நல்ல கல்லைப் பெயர்த்துக்கொண்டு, "பொற்கோட்டு இமயத்துக் கல்தான் அரசே" என்று சொல்லியிருப்பார். யாருக்குத் தெரியப்போகிறது? இது என் ஊகம்தான். ஆனால் இளங்கோவின் கதையில் இதற்கு முரணாக எதுவும் இல்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. கனக விசயர் தலையில் கல் ஏறியது, கங்கையில் நீராட்டு நடந்தது. பிடித்த மன்னர்களைச் சோழனிடமும் பாண்டியனிடமும் காட்டிவரச் சொல்லி அனுப்பினான். தவசி வேடம் போட்டு ஓடினவர்களைப் பிடிப்பது ஒரு வீரமா என்று இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். செங்குட்டுவனுக்குக் கண் சிவந்தது. மாடலன் என்ற மறையோன் தலையிட்டிராவிட்டால் அடுத்த சுற்று ஆரம்பித்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் மெச்ச வேண்டும் என்ற பொறி மலையை விட்டு இறங்கிய பிறகும் ஆளை விடுவதில்லை.

கொஞ்சம் சிரிப்பை நிறுத்துகிறேன். தமிழர்கள் பனிமலைக்குப் போவது செங்குட்டுவனோடு முடியவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,000 அடிக்கு மேலே இருந்த சோனம் காவல் நிலை மீது பனிப்பாளம் சரிந்தது. அங்கே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர்; அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார். பனிக்கு அடியில் போனவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பார்கள். முப்பத்தைந்து நிமிடம் ஆனால் பத்துக்கு மூன்று பேர்தான். நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது. அங்கே குண்டைவிடப் பனியும் குளிருமே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. இவர்களுக்காக ஒரு புலவரும் 500 ஊர் வாங்கவில்லை.

செங்குட்டுவனுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. 1969-ல் மணாலியில் ஒரு பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020-ல் அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது; இப்போது சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்குகிறது. காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் மலைகளுக்கு அபாய அளவை அறிவிக்கிறார்கள். ஐரோப்பாவில் 1993-லிருந்து ஐந்து படிநிலை வைத்திருக்கிறார்கள்: ஒன்று என்றால் குறைவு, ஐந்து என்றால் உச்சம். அங்கே அதிகம் பேர் சாவது ஐந்தில் அல்ல, மூன்றில். ஐந்து என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால் நம் மாதிரி ஆட்களுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் மார்க்காகத் தெரிகிறது, கிளம்பிவிடுகிறார்கள்.

ஆகவே இந்த வருடம் மணாலிக்கும் குல்மார்க்குக்கும் டிக்கெட் போட்டிருக்கும் பூந்தமல்லி வட்டாரத்துப் பெருமக்களே, போங்கள், பனியை அள்ளி ஒருத்தர் மேல் ஒருத்தர் வீசுங்கள், போட்டோ எடுங்கள். ஆனால் காலையில் அறிவிப்பைப் பாருங்கள். உள்ளூர்க்காரர் இன்றைக்கு அந்தச் சரிவுப் பக்கம் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் ஹோட்டலில் உட்கார்ந்து டீ குடியுங்கள். கூட வந்த மச்சான் மெச்ச வேண்டும் என்பதற்காக மேலே ஏறாதீர்கள். கோயிலுக்குக் கல்தான் வேண்டும் என்றால், பொதிகையில் இப்போதும் கிடைக்கிறது.